உஷார்! திரை சும்மா இருந்தால் ஷாஃப்ட் நல்லது என்று நம்பிவிடாதீர்கள்

கிராங்க்‌ஷாஃப்டோ, புரொப்பல்லர் ஷாஃப்டோ, சுக்கான் தண்டோ, கப்பலுக்கென்று எந்த ஃபோர்ஜிங் (அடித்து உருவாக்கிய உருக்குப் பாகம்) வந்து இறங்கினாலும் கூடவே ஒரு தாள் வரும். ‘அல்ட்ராசோனிக் பரிசோதனை செய்யப்பட்டது, பதிவு செய்யத்தக்க குறை இல்லை’ என்று ஒரு வரி, அடியில் ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. அதைக் கோப்பில் போட்டுவிட்டு பில்லைப் பாஸ் செய்துவிடுகிறோம்.

கொஞ்சம் நில்லுங்கள். உள்ளே குறை இல்லை என்று அந்த வரி சொல்லவே இல்லை. ‘நான் வைத்த புரோப் (ஒலி அனுப்பி வாங்கும் முனை), நான் வைத்த இடத்தில், நான் வைத்த அளவுக்கு எதையும் காட்டவில்லை’ என்றுதான் சொல்கிறது. திரை சும்மா இருக்க ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் நல்ல இரும்பு.

பயமுறுத்துகிறேன் என்று நினைத்தால், 2012-ல் பெல்ஜியத்தில் நடந்ததைக் கேளுங்கள். டூல் 3 என்ற அணு உலையின் அழுத்தக் கலனுக்கு வேண்டிய வளையங்களை 1970-களில் அடித்துக் கொடுத்தது ராட்டர்டாமின் ஆர்.டி.எம். நிறுவனம். அது அடிப்படையில் ஒரு கப்பல் கட்டும் தளம். ‘ராட்டர்டாம்’ என்ற பெரிய பயணிகள் கப்பலைக் கட்டியதும் அதுவே. உலை முப்பது ஆண்டு ஓடிய பிறகு, கலன் சுவரை முழு ஆழத்துக்கும் அல்ட்ராசோனிக்கில் துழாவினார்கள். சுமார் 8,000 இடங்களிலிருந்து எதிரொலி வந்தது. அதே ஆர்.டி.எம். அடித்த டியான்ஜ் 2 உலையிலும் சுமார் 2,000. எல்லாம் ஃபோர்ஜிங் காலத்திலேயே விழுந்த ஹைட்ரஜன் கீறல்கள் என்பது நிபுணர்களின் முடிவு. அதாவது, ‘பாஸ்’ என்று ஆலையை விட்டு வெளியேறிய நாளிலேயே அவை உள்ளே இருந்தன.

அதோடு முடியவில்லை. பார்க்கும் முறையையும் கருவியின் அமைப்பையும் திருத்திக்கொண்டு மறுபடி சோதித்தபோது, டூல் 3-ன் எண்ணிக்கை 13,047 ஆனது. இரும்பு அதே இரும்பு. பார்த்த விதம் மாறியதும் ஐயாயிரம் குறைகள் கூடுதலாகக் கண்ணில் பட்டன. நீண்ட ஆய்வுக்குப் பிறகு, 2015 இறுதியில் உலைகளை ஓட்ட அனுமதி கிடைத்தது. கலன் சுவர் நின்ற இடத்தில் நிற்பது. ஷாஃப்ட் அப்படியா? நிமிடத்துக்கு 100 சுற்று என்றால் ஒரே நாளில் 1,44,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அது வளைந்து நிமிர்கிறது. உள்ளே உறங்கும் கீறலைத் தட்டி எழுப்ப இதைவிட நல்ல வழி கிடையாது.

ஷாஃப்ட் முறிந்தால் கப்பல் வெறுமனே நின்றுபோகும் என்று எண்ண வேண்டாம். 1890 மார்ச்சில் அயர்லாந்துக்கு அருகே ‘சிட்டி ஆஃப் பாரிஸ்’ கப்பலின் ஒரு ஷாஃப்ட் முறிந்தது. சுமை திடீரென்று போனதும் எஞ்சின் தறிகெட்டு ஓடித் தன்னைத்தானே நொறுக்கியது. சிதறிய பாகங்கள் தடுப்புச் சுவரையும் துளைக்க, இரண்டு எஞ்சின் அறைகளிலும் கடல்நீர் புகுந்தது. அங்கே ஷாஃப்ட் முறிந்ததற்குத் தேய்ந்துபோன பேரிங் காரணம். ஆனால் எதனால் முறிந்தாலும் அடுத்து இப்படி நடக்கலாம்.

சரி, இந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது? மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா, அதன் நவீன வடிவம். புரோப்பிலிருந்து கிளம்பும் ஒலி, இரும்புக்குள் நொடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் ஓடி, எதிர்ப் பக்கத்தில் மோதித் திரும்புகிறது. 300 மி.மீ. ஷாஃப்டைக் கடந்து திரும்ப, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். நடுவில் விரிசல் இருந்தால் அதிலிருந்து ஓர் எக்கோ முந்திக்கொண்டு வரும். எதிர்ப் பக்கத்திலிருந்து வருவதற்கு பேக்-வால் எக்கோ என்று பெயர். இவ்வளவுதான் தத்துவம். கோளாறெல்லாம் இனிமேல்தான்.

உஷார் 1: சாய்ந்து கிடக்கும் விரிசல்

ஒலி கண்ணாடியில் பட்ட வெளிச்சம் மாதிரி. விரிசல் நேர் எதிரே நின்றால் புரோப்புக்கே திரும்பும். சாய்ந்திருந்தால் வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். திரையில் குறை எக்கோ எதுவும் வராது. ஆனால் அங்கே பேக்-வால் எக்கோ சட்டென்று குட்டையாகும், சில சமயம் காணாமலே போகும். அனுபவசாலி முதலில் பார்ப்பது அதைத்தான். ‘புரோப்புக்கு அடியில் தடவிய எண்ணெய் சரியாகப் படவில்லை’ என்று தேய்த்துவிட்டு நகர்கிறவர் கையில் உங்கள் கப்பல் பத்திரமாக இல்லை. விரிசல் ஒலி போகும் திசையிலேயே நெடுக நின்றாலும் குறை எக்கோ வராது. அதனால் சுற்றுப்புறத்திலிருந்து பார்த்தால் மட்டும் போதாது. ஷாஃப்டின் முனையிலிருந்து நீளவாக்கிலும் பார்க்க வேண்டும்; தேவையான இடத்தில் கோண புரோப்பும் போட வேண்டும்.

உஷார் 2: அவசரச் சோதனை

உருக்கில் கரைந்த ஹைட்ரஜன் உடனே வேலையைக் காட்டாது. ஃபோர்ஜிங் ஆறிய பிறகு, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கழித்துத்தான் உள்ளே கீறும். ‘நேற்று அடித்தோம், இன்று டெஸ்ட் முடித்தோம்’ என்று ஆலை பெருமை பேசினால் சந்தேகப்படுங்கள். ஈரமான சுண்ணாம்பும் நனைந்த பழைய இரும்பும் உலைக்குள் போனால் ஹைட்ரஜன் ஏறும் என்பதால், மழைக்கால உருக்கில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். வேக்கம் டீகேஸிங் (வெற்றிடத்தில் வாயு நீக்கம்) செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கடைசி வெப்பப் பதத்துக்கு முன்பே சோதித்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. உருக்கின் பெரிய படிக மணிகளில் ஒலி சிதறித் திரையெங்கும் புல் முளைத்த மாதிரி இரைச்சல் நிற்கும். அந்தப் புல்லுக்குள் பாம்பு இருந்தாலும் தெரியாது.

உஷார் 3: மேல்தோலுக்கு அடியில்

புரோப்புக்குத் தன் மூக்குக்குக் கீழே இருப்பது தெரியாது. சாதாரண ஒற்றை கிரிஸ்டல் புரோப்புக்கு முதல் சில மில்லிமீட்டர் குருட்டுப் பகுதி. அதற்கு இரட்டை கிரிஸ்டல் புரோப் வேண்டும். மேற்பரப்பு விரிசலுக்கோ அதுவும் போதாது. ஷாஃப்டின் டேப்பர், கீவே, ஃபில்லட் போன்ற இடங்களில் எம்.பி.ஐ. என்கிற காந்தத் துகள் சோதனைதான் சரியான ஆயுதம். ‘யு.டி. (அல்ட்ராசோனிக் சோதனை) இருக்கிறதே, எம்.பி.ஐ. எதற்கு?’ என்று கேட்பவரிடம் வாதாடாதீர்கள், எம்.பி.ஐ. அறிக்கையை மட்டும் கேளுங்கள்.

உஷார் 4: பத்து நிமிட மாயம்

ஒரு கணக்குப் போடுவோம். 300 மி.மீ. விட்டமும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஷாஃப்ட். மேற்பரப்பு சுமார் 5.6 சதுர மீட்டர். 24 மி.மீ. புரோப்பை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி, 20 மி.மீ. இடைவெளியில் நகர்த்தினால், கை கடக்க வேண்டிய தூரம் 280 மீட்டர். ஃபோர்ஜிங் சோதனைக்கான அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். ஏ388 அனுமதிக்கும் வேகம் நொடிக்கு 150 மி.மீ. முழுச் சுற்றும் பார்ப்பதானால், எங்கும் நிற்காமல், எண்ணெய் தடவாமல், மூச்சு விடாமல் ஓட்டினாலும் அரை மணி நேரம் ஆகும். டீ ஆறுவதற்குள் ஒருவர் ஷாஃப்டை முடித்துவிட்டால், அவர் பார்த்தது திரையை அல்ல, கடிகாரத்தை.

உஷார் 5: தாள் ஒன்று, இரும்பு வேறு

அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளுக்கு வார்ப்புகள் செய்த ஓர் ஆலையில், 1985 முதல் 2017 வரை உலோகச் சோதனை முடிவுகள் திருத்தி எழுதப்பட்டன. ஆலையின் முன்னாள் உலோகவியல் இயக்குநர் 2021-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முப்பது ஆண்டுக்கும் மேலாகத் தாள்கள் அழகாகத்தான் இருந்திருக்கின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது கடலிலும் உண்மை. சான்றிதழில் உள்ள ஹீட் நம்பரும் (உருக்கிய தொகுதியின் எண்) இரும்பில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா, கப்பல் வகைப்பாட்டு நிறுவனத்தின் (கிளாஸ்) சர்வேயரின் முத்திரை ஃபோர்ஜிங் மேலேயே விழுந்திருக்கிறதா என்று நேரில் குனிந்து பாருங்கள். போட்டோவில் பார்த்தது பார்த்ததாகாது.

பணத்தைக் கொடுக்கும் முன் என்ன செய்யலாம்?

அறிக்கையில் இவை இருக்கின்றனவா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள்: சோதித்த நாள், கடைசி வெப்பப் பதம் முடிந்த நாள். கீவேயும் துளையும் வெட்டுவதற்கு முன் சோதித்தார்களா என்பது. எந்தெந்தப் பரப்பில், எந்தெந்தத் திசையில் என்று காட்டும் படம். புரோப்பின் அளவும் அதிர்வெண்ணும். ஃபோர்ஜிங்குக்குப் பொதுவாக 2 முதல் 4 மெகாஹெர்ட்ஸ். எந்த அளவுத் துளையை அளவுகோலாக வைத்துக் கருவியின் உணர்திறனை அமைத்தார்கள் என்பது. இது இல்லாத அறிக்கை, படிக்கல் இல்லாத தராசு. பேக்-வால் எக்கோ எங்கேயாவது குறைந்ததா என்ற பதிவு. கையெழுத்துப் போட்டவரின் தகுதி. லெவல் 1 தொழிலாளி கருவியை ஓட்டலாம், ஏற்பதா தள்ளுவதா என்று தீர்ப்பு எழுத லெவல் 2 வேண்டும். முடிந்தால், உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க நடக்கட்டும்.

என்.டி.டி. (சேதப்படுத்தாத சோதனை) லெவல் 2 முடித்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. லாரி வாசலில் நிற்கும், சூப்பர்வைசர் தோளுக்குப் பின்னால் நிற்பார், ‘தம்பி, சைன் பண்ணுப்பா’ என்பார். அந்த நேரத்தில் திரையில் ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் பார்க்காதே. இருந்தே ஆக வேண்டிய பேக்-வால் எக்கோ அதன் இடத்தில், அதன் உயரத்தில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் பேனாவை மூடிவிட்டு, எண்ணெயைத் துடைத்து, முதலிலிருந்து ஆரம்பி. லாரி காத்திருக்கட்டும்.