வளைகுடா செல்லும் குடும்பங்களும் பிள்ளைகளின் பாடசாலைத் தெரிவும்

தொழில் நிமித்தம் கட்டார், ஓமான், சவூதி அரேபியா முதலான நாடுகளுக்குச் செல்லும் எம்மவருள், குடும்பத்தையும் உடன் அழைத்துச் செல்லக்கூடிய வருமானம் உடையோர் சிலரே. கணக்காளராகவும் பொறியியலாளராகவும் தாதியராகவும் செல்லும் இவர்களது ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கானது. அது நீடிக்கலாம், நீடிக்காமலும் போகலாம். விசா, விமானச்சீட்டு, வீட்டு வாடகை ஆகியவற்றை நுணுகி ஆராயும் பெற்றோர், பிள்ளையின் பாடசாலையை மட்டும் அங்கு ஏற்கனவே குடியிருக்கும் உறவினரின் சொல்லை நம்பித் தீர்மானித்துவிடுகின்றனர். 'எது நல்ல பாடசாலை?' என்பதே அவர்களது கேள்வி. தற்காலிகமாகச் செல்பவர் முதலில் கேட்க வேண்டியதோ 'பிள்ளை எந்த ஆண்டில், எந்த வகுப்புக்குத் திரும்பி வரப்போகின்றது?' என்பதாகும்.

வளைகுடா நாடுகளின் அரச பாடசாலைகள் அரபு மொழிமூலமானவை. ஆகவே எமது பிள்ளைகளுக்கு எஞ்சுவன கட்டணம் அறவிடும் தனியார் பாடசாலைகளே. அவற்றுள் பிரித்தானியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுவன ஒரு வகை. இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்விச் சபையின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுவன இன்னொரு வகை. மஸ்கற், தோஹா, றியாத் ஆகிய நகரங்களில் இலங்கைச் சமூகத்தினருக்கான பாடசாலைகளும் உள்ளன. ஆயினும் 'இலங்கைப் பாடசாலை' என்னும் பெயரைக் கண்டதும், இங்குள்ள அதே பாடத்திட்டம், அதுவும் தமிழ்மொழியில், என்று எண்ணிவிடலாகாது. அங்கும் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. மாணவர் லண்டன் பரீட்சைகளுக்கும் தோற்றுகின்றனர். எந்த வகுப்புவரை எந்தப் பாடத்திட்டம் என்பதை அனுமதிக்கு முன்னரே எழுத்தில் கேட்டறிதல் வேண்டும்.

கல்வியாண்டும் ஒத்துவருவதில்லை. எமது நாட்டில் வழமையாக ஜனவரியில் ஆண்டு தொடங்குகின்றது. இந்தியப் பாடசாலைகளில் ஏப்ரலில். பிரித்தானிய முறையில் ஓகஸ்ட் இறுதியில் அல்லது செப்டெம்பரில். எனவே போகும்போதும் வரும்போதும் சில மாதங்கள் இழக்கப்படும். சிறு வகுப்புகளில் இது பெரிய நட்டமன்று.

உண்மையான சிக்கல் மொழியிலும் சமயத்திலும் இருக்கின்றது. தற்போதைய அமைப்பின்படி க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தோற்றும் மாணவர் ஒன்பது பாடங்களில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறையும் கட்டாயமாகப் பயில வேண்டும். நான்காம் வகுப்பில் சென்று எட்டாம் வகுப்பில் திரும்பும் பிள்ளை ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும். தமிழில் ஒரு பந்தி எழுதத் தடுமாறும். இலங்கை வரலாற்றை அது கேள்விப்பட்டே இராது. இந்தியப் பாடசாலைகள் பலவற்றில் இரண்டாம் மொழியாக ஹிந்தி முன்வைக்கப்படுகின்றது. தமிழ் கற்பிக்கும் பாடசாலை கிடைத்தால் சற்றுத் தொலைவாயினும் அதனையே நாடலாம். முஸ்லிம் பிள்ளைகளுக்கு அரபும் இஸ்லாமியக் கல்வியும் கிடைப்பது பெற்றோருக்கு ஆறுதலே. ஆனால் எமது பரீட்சையில் இஸ்லாம் பாடத்தைத் தமிழில் எழுதும் பயிற்சி அதனால் வந்துவிடாது. சைவ, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கோ தமது சமயத்தைப் பாடசாலையில் பயிலும் வாய்ப்புப் பெரும்பாலும் இல்லை.

இவ்வாறு திரும்பும் பிள்ளைகள் ஈற்றில் கொழும்பிலோ கண்டியிலோ சர்வதேச பாடசாலை ஒன்றைத் தேடிச் செல்கின்றனர். வளைகுடாச் சம்பளம் நின்றுபோன பின்னர் அக்கட்டணத்தைச் செலுத்துவது எளிதன்று. அரச பல்கலைக்கழக அனுமதியோ உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியிலேயே தங்கியுள்ளது. வெளிநாட்டுத் தகைமை உடையோருக்கென உள்ள இடங்கள் மிகச் சொற்பம்.

ஐந்தாம் வகுப்புக்கு முன்னர் சென்று திரும்பக்கூடிய பிள்ளையைத் தயக்கமின்றி அழைத்துச் செல்லலாம். பெற்றோருடன் வாழ்வது அவ்வயதில் எப்பாடசாலையையும் விடப் பெரிது. பத்தாம், பதினோராம் வகுப்புகள் சாதாரண தரத்துக்கான ஒரே தொடர்ச்சி. அவற்றின் நடுவே பிள்ளையைப் பெயர்த்தெடுப்பதிலும் தாயுடன் ஊரில் விட்டுச் செல்வதே நன்று என்பது எமது எண்ணம். இடைப்பட்ட வயதினருக்குத்தான் பெற்றோர் முடிவெடுத்தாக வேண்டும்: இரண்டே ஆண்டுகளாயின் தமிழை வீட்டில் காத்து உள்ளூர்ப் பரீட்சைக்கே திரும்புவது, நீண்டகாலமாயின் லண்டன் பரீட்சையை உயர்தரம் வரை தொடர்வது. இரண்டிலும் கால் வைப்பதே ஆபத்தானது.

தொழில் ஒப்பந்தத்தில் கல்விக் கொடுப்பனவு உண்டா, எத்தனை பிள்ளைகளுக்கு, பேருந்துக் கட்டணமும் அதில் அடங்குமா என்பதைக் கையொப்பமிடுமுன் பார்த்துக்கொள்ளவும். விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், இறுதித் தவணை அறிக்கை ஆகியவற்றைப் புறப்படும் வாரத்தில் தேடி ஓடுவதிற் பயனில்லை. அவற்றை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும்; யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். தமிழ், வரலாறு, சமயம் ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் இறக்கி, வார விடுமுறையில் ஒரு மணி நேரமேனும் பிள்ளையுடன் அமர்ந்து வாசித்துவந்தால், திரும்பும் நாளில் வகுப்பறை அதற்கு அந்நியமாகத் தோன்றாது.