சாலையில் பைக் சாகசம்: சட்டமும் சிகிச்சையும் – குடும்பத்தினர் அறிய வேண்டியவை

இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்த இளைஞர் ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரும்போது, உடன் வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, “எப்படி விழுந்தார்?” என்பது. அவர்கள் எங்களிடம் முதலில் கேட்கும் கேள்வி, “போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?” என்பது. இந்த அச்சத்தினால் சில வேளைகளில் உண்மை மறைக்கப்படுகிறது. மாடு குறுக்கே வந்தது என்றும், மணலில் சறுக்கியது என்றும் சொல்லப்படுகிறது. முன்சக்கரத்தை மேலே தூக்கி ஓட்டும் ‘வீலிங்’ முயற்சியில் விழுந்தார் என்பது பின்னரே தெரியவருகிறது. அதற்குள் சிகிச்சைக்குரிய நேரம் சிறிது கழிந்துவிடுகிறது. அக்கேள்விக்கான விடையையும், அதனைச் சூழ்ந்த சட்டத்தையும் இங்கு விளக்க விரும்புகிறோம்.

விழுந்த விதம் ஏன் தெரிய வேண்டும்?

வண்டியின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியவுடன், கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. வேகத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு வகிக்கும் முன் பிரேக்கும் அப்போது பயன்படாது. சமநிலை சற்றுத் தவறினால் ஓட்டுபவர் பின்புறமாக விழுவார். வண்டி அவர்மேல் கவிழவும் கூடும். இவ்வாறு விழுந்தவருக்குப் பின்மண்டை, முதுகெலும்பு, வால் எலும்பு ஆகியவற்றை நாங்கள் முதலில் சோதிக்க வேண்டும்.

முன் பிரேக்கைத் திடீரெனப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கும் சாகசத்தில் விழுந்தவர் முன்னோக்கி எறியப்படுகிறார். அவருக்கு முகம், கழுத்து, மணிக்கட்டு, காறை எலும்பு ஆகியவற்றில் காயத்தைத் தேடுவோம். கைப்பிடி வயிற்றில் குத்தியிருந்தால், வெளியே கீறல்கூட இல்லாமல் மண்ணீரலிலோ கல்லீரலிலோ இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் மயங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, விழுந்த விதத்தைச் சரியாகச் சொல்வது மருத்துவருக்குப் பேருதவியாகும்.

வழக்கு வருமா?

சாலை விபத்தில் காயமடைந்தவரை விபத்துப் பதிவேட்டில் பதிவதும், காவல் நிலையத்திற்குத் தகவல் தருவதும் மருத்துவமனையின் கடமை. ஆனால் அந்நடைமுறைகளுக்காகச் சிகிச்சை காத்திருப்பதில்லை. உயிரைக் காப்பதே முதற்கடமை என்றும், சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 1989-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது.

பதிவேட்டில் நாங்கள் எழுதுவது, நீங்கள் கூறும் விவரத்தையே. பிற்காலத்தில் இழப்பீட்டு வழக்கு நடைபெற்றால் அந்தப் பதிவு முக்கியமான சான்றாகும். அதில் உள்ளது ஒன்றாகவும், நீதிமன்றத்தில் சொல்வது வேறொன்றாகவும் இருந்தால் பாதிக்கப்படுவது குடும்பமே.

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுச் சாலையில் வீலிங் செய்வது, மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 184-ஆம் பிரிவின்படி அபாயகரமாக வாகனம் ஓட்டும் குற்றத்தில் அடங்கும். முதன்முறைக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சாலையில் பந்தயம் ஓட்டுவது 189-ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம். இவற்றுடன், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவின்கீழும் வழக்குப் பதியப்படலாம். கவனக்குறைவினால் பிறர் உயிரிழந்தால், 106-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பெற்றோர் மிகவும் கவனிக்க வேண்டியது 199-ஏ பிரிவு. 18 வயது நிரம்பாத பிள்ளை வாகனக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது பாதுகாவலரும் வாகன உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவர். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க இயன்ற அனைத்தும் செய்தோம் என்றோ அவர்களே நிரூபிக்க வேண்டும். தவறினால் 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்கப்படலாம். வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு இரத்தாகும். அப்பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது.

தமிழ்நாட்டில் நடந்தவை

யூடியூபில் பல இளைஞர்கள் பின்தொடரும் டி.டி.எஃப். வாசன், 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானார். அவர் வீலிங் செய்ய முயன்றார் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. இரு நாட்களில் அவர் கைது செய்யப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் தொடக்கத்தில் அவருக்குப் பிணை மறுத்தது. நவம்பரிலேயே நிபந்தனையுடன் பிணை கிடைத்தது. அவரது ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 அக்டோபர் வரை, முடக்கப்பட்டது. விபத்தின்போது அவர் தலைக்கவசமும் உடற்கவசமும் அணிந்திருந்தார். கை எலும்பு முறிவோடு உயிர் தப்பினார். அக்காட்சியைப் பார்த்துவிட்டுச் செருப்புக் காலோடும் வெறுந்தலையோடும் அதைச் செய்து பார்க்கும் பிள்ளைக்கு அந்தக் கவசம் எதுவும் இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டான 2022-இல், சென்னையில் பைக் பந்தய வழக்கில் சிக்கிய ஓர் இளைஞருக்குப் பிணை வழங்கியபோது, அதே நீதிமன்றம் வேறொரு நிபந்தனையை விதித்தது. அவர் ஒரு மாத காலம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் விபத்துக் காயப் பிரிவில், நாள்தோறும் முற்பகலில் நோயாளிகளைக் கவனிக்கும் பணியில் உதவ வேண்டும் என்பதே அது. அபராதச் சீட்டு கற்பிக்காத பாடத்தை அந்த வார்டு கற்பிக்கும் என்பதை, மருத்துவமனையில் பணிபுரியும் நாங்கள் நன்கு அறிவோம்.

இழப்பீடு கிடைக்குமா?

தன் சொந்த வேகத்தாலும் கவனக்குறைவாலும் விபத்தை ஏற்படுத்தி இறந்த ஓட்டுநரின் குடும்பத்தினர், காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தள்ளுபடி செய்தது. இது கர்நாடகத்தில் நேர்ந்த ஒரு கார் விபத்தைப் பற்றிய வழக்கு. எனினும், சாகசம் செய்து விழுபவரின் குடும்பமும் இதிலிருந்து அறிய வேண்டியது உண்டு: மகனை இழந்த வீட்டிற்கு, அந்த இழப்பை ஓரளவேனும் தாங்கும் தொகையும் கிடைக்காமல் போகலாம். உரிமம் இல்லாதவர் ஓட்டிப் பிறர் காயமடைந்தால், காப்பீட்டு நிறுவனம் வழங்கும் தொகையை உரிமையாளரிடமிருந்தே வசூலிக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடவும் கூடும்.

எங்கள் தெருக்கள்

கொத்தமங்கலம், கானாடுகாத்தான் போன்ற செட்டிநாட்டு ஊர்களின் தெருக்கள் நேரானவை, அகலமானவை. ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்ட வீடுகள் இங்கு உள்ளன. பல வீடுகளில் முதியோர் தனித்து வாழ்கின்றனர். வேகமாக ஓட்டத் தூண்டும் அதே நேரான தெருவில்தான் ஆச்சி ஒருவர் படியிறங்கி வருகிறார். சிறுவர் பந்தைத் துரத்தி ஓடுகின்றனர். முன்சக்கரம் மேலே இருக்கும் வண்டியால் அவர்களுக்காக விலகவும் இயலாது, நிற்கவும் இயலாது. வேகத்தில் உண்மையான ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்திலும் முறையான பந்தயத் தடங்கள் உள்ளன. சாலை அதற்குரிய இடமன்று.

விபத்து நேர்ந்துவிட்டால்

- 108-ஐ அழையுங்கள். காயமடைந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள்.
- மூச்சு சீராக இருந்தால் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். மூச்சுவிட இடராக இருந்தால் மட்டும், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்க, மற்றொருவர் மெல்லக் கழற்றலாம்.
- இரத்தம் பெருகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள்.
- நீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அது இடர் தரும்.
- உதவ வந்தவரைச் சட்டம் காக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவின்படி, அவரைப் பெயர் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது.
- ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் தமிழ்நாடு அரசின் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் விபத்து நேர்ந்த முதல் 48 மணி நேரத்திற்கான சிகிச்சை அதன்கீழ்க் கட்டணமின்றி வழங்கப்படும். பணம் திரட்டுவதற்காகத் தாமதிக்க வேண்டாம்.

உடன் வந்த நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கைப்பேசியில் அந்தக் காட்சி பதிவாகியிருந்தால், அதை அழிப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகத்தில் விழுந்தார் என்பதை அது எங்களுக்குச் சொல்லும்.

வண்டிச் சாவி பெரும்பாலும் வீட்டு வாசலுக்கருகே ஓர் ஆணியில் தொங்குகிறது. பிள்ளைக்கு 18 வயது நிரம்பி, உரிமமும் தலைக்கவசமும் கையில் இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே அது அந்த ஆணியிலிருந்து இறங்கட்டும். அதையும் மீறி விபத்து நேர்ந்தால், அஞ்சாமல் எங்களிடம் வாருங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வழக்கைப் பின்னர் எதிர்கொள்ளலாம். சிகிச்சைக்குரிய முதல் மணி நேரம் கடந்துவிட்டால் அதை மீட்க முடியாது.