அடுப்பு எந்தப் பக்கம்?

பிழைப்புத் தேடி வந்த எங்கள் குடும்பம் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே தங்கிற்று. அப்பா பனையேறினார், அம்மா அக்கானி காய்ச்சினாள். அடியிலே சூடானது மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும்.

ஜெட் விமான எஞ்சினின் காற்றழுத்தியில், ஒரே அச்சில் சுழலும் தகடுகளின் இடைவெளியிலும் இதுவே நிகழ்கிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால், அச்சிலிருந்து 20 செ.மீ. தொலைவில் மையவிலக்கு விசை புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 22,000 மடங்கு! ஆகவே அங்கே ‘கீழ்’ என்பது வெளிவிளிம்பு. அடுப்பும் அங்கேதான், அழுத்தப்பட்ட காற்று அவ்விளிம்பைச் சுடுகிறது. அச்சருகே ஓடும் குளிர்காற்று கனத்தால் வெளியே பாயும். சூடானது உள்ளே திரும்பும்.

தகடு எவ்வளவு விரியும்? அதிலுள்ள இறகின் நுனிக்கும் உறைக்கும் இடைவெளி மிகச் சிறிது. குறைந்தால் உரசும், கூடினால் எரிபொருள் வீண். காற்றோட்டமோ கணத்துக்குக் கணம் மாறுவது. ஏட்டுக் கணக்கு மட்டும் போதாது. ஆதலால் பிரிட்டனின் சசெக்ஸ், பாத் பல்கலைக்கழகங்களில் தகடுகளையே சுழற்றி, அவற்றின் வெப்பத்தை அளந்தனர்.

அம்மாவிடம் சொன்னேன். “அடுப்பு பக்கத்திலயா மக்களே?” என்று சிரித்தாள்.