ஏரிக்கரை வீடுகளில் தொட்டிக் காய்கறித் தோட்டம்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, சென்னை – கூடூர் ரயில் பாதையில் உள்ள ஊர் ஆரம்பாக்கம். இதன் கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. நொச்சிக்குப்பம், பாட்டைக்குப்பம் போன்ற மீனவர் குப்பங்கள் இப்பகுதியில் உள்ளன. இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. மழைக் காலத்தில் ஆரணி, காளங்கி ஆறுகளின் வெள்ளம் வந்து கலப்பதால் ஏரி நீரில் உப்பு குறையும். கோடையில் நீர் வற்றி, கடல் நீரைக் காட்டிலும் அதிகமாக உப்புக் கரிப்பதும் உண்டு.

இத்தகைய இடத்தில் வீட்டுக் கொல்லையில் நாலு கத்தரிச் செடி வளர்ப்பதுகூட எளிதல்ல. மண்ணில் உப்பு, கிணற்று நீரிலும் உப்பு, வீசும் காற்றிலும் உப்பு. ஏரியில் நாள் முழுதும் உழைத்துவிட்டு வரும் குடும்பம் கீரைக்கும் தக்காளிக்கும் கடைத் தெருவையே நம்ப வேண்டியிருக்கிறது. பாடு குறைந்த நாட்களில் முதலில் குறைவது காய்கறிச் செலவுதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. நகரத்தில் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் பால்கனியில் செய்யும் தொட்டித் தோட்டம்தான் அது. 2013-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை சென்னை, கோவை நகரங்களில் மாடித் தோட்டம் போட விரும்பியவர்களுக்குப் பைகள், தென்னைநார்க் கழிவு, விதை முதலியவற்றை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. நகரத்தில் நிலம் இல்லை என்பதற்காகச் செய்வதை, ஏரிக்கரையில் நிலம் உப்பு என்பதற்காகச் செய்யலாம். வீட்டு முன் திண்ணை, மாடிப்படி, கான்கிரீட் கூரை, கைப்பிடிச் சுவர் ஓரம் எதுவானாலும் போதும். நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேரம் வெயில் விழ வேண்டும்.

மூன்றாம் மாதத்தில் செடி கருகுவது ஏன்?

தொட்டி வைத்தவர்கள் பலர் இரண்டு மாதம் செழிப்பாக இருந்த செடி பிறகு இலை ஓரம் கருகி, பூ உதிர்ந்து போவதைப் பார்த்திருப்பார்கள். பூச்சி என்று நினைத்து மருந்து தெளித்தும் பயன் இராது. உண்மையில் அது உப்பின் வேலை.

நாக்கில் இலேசாகக் கரிக்கும் கிணற்று நீரில் லிட்டருக்கு 1 கிராம் அளவு உப்பு இருக்கலாம். ஒரு தக்காளித் தொட்டிக்கு நாள்தோறும் 2 லிட்டர் ஊற்றினால், 90 நாளில் தொட்டிக்குள் போகும் உப்பு 180 கிராம். செடி குடிப்பதும் வெயில் உறிஞ்சுவதும் நீரை மட்டும்தான். உப்பில் மிகச் சிறு பங்கே செடிக்குள் போகும். மற்றதெல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணின் மேல் வெள்ளைப் பூப்போலப் படிவதும் இதுவே. வயலில் மழை பெய்து உப்பைக் கீழே இறக்கும். தொட்டியில் உப்பு வெளியேற ஒரே வழி அடித் துளைதான். அந்தத் துளை அடைபட்டால் தோட்டம் முடிந்தது.

ஆகவே இத்தோட்டத்தில் உரத்தைவிட, மருந்தைவிட முக்கியமானது வடிகால்.

தொட்டியும் மண்ணும்

விலை கொடுத்துத் தொட்டி வாங்கவேண்டியதில்லை. பழைய பெயிண்ட் வாளி, சிமெண்டு சாக்கு, மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஆகியவை போதும். தெர்மாகோல் பெட்டி அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதால் கீரைக்கு மிகவும் ஏற்றது. மீன் பெட்டியை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவிக் காயவைத்த பிறகே மண் நிரப்ப வேண்டும்.

அடியில் விரல் நுழையும் அளவு நான்கைந்து துளைகள் இட்டு, அவற்றின் மேல் உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பரப்பவும். தொட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் துளை அடையாது. தரையின் உப்பு ஈரமும் மேலே ஏறாது. மாடியில் தட்டு வைத்து நீரைப் பிடிப்பவர்கள், தட்டில் வடிந்த நீரை உடனே கொட்டிவிட வேண்டும். அது செடியிலிருந்து கழுவி வந்த உப்பு நீர். திரும்பவும் மண் அதை உறிஞ்சினால் பயனில்லை.

செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் 1 பங்கு என்ற கணக்கில் கலந்துகொள்ளலாம். ஏரிச் சேறும் கடற்கரை மணலும் கூடவே கூடாது. தென்னைநார்க் கழிவிலும் உப்பு இருக்கும். அதை ஊறவைத்து, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து சேர்க்கவேண்டும். 15 லிட்டர் கொள்ளும் வாளி மண்ணும் ஈரமுமாக 25 கிலோ வரை கனக்கும். ஆதலால் மாடியில் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக வரிசையாக வைப்பது நல்லது.

நீர்

நல்ல நீரைச் சேமிப்பதுதான் பாதி வேலை. 100 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 90 லிட்டர் நீர் கிடைக்கும். கூரை ஓரத்தில் தகரக் குழாய் பொருத்தி 200 லிட்டர் பீப்பாயில் பிடிக்கலாம். முதல் மழை நீரைப் பிடிக்கவேண்டாம். கூரையில் படிந்த உப்பும் தூசியும் அதில் வரும். பீப்பாயைத் துணியால் இறுகக் கட்டி மூடாவிட்டால் கொசு பெருகும்.

மழை நீர் எல்லாத் தேவைக்கும் போதாது. எனவே பங்கிட்டுச் செலவிட வேண்டும். விதை முளைக்கும் காலத்துக்கும் இளம் நாற்றுக்கும் மழை நீரே ஊற்றவேண்டும். செடி உப்பைத் தாங்காத பருவம் அதுதான். வளர்ந்த செடிக்குக் கிணற்று நீர் ஊற்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அடித் துளையில் சிறிது வடியும் அளவு ஊற்றவேண்டும். மண்ணின் மேல்பகுதி மட்டும் நனையுமாறு சிறிது சிறிதாகத் தெளிப்பது உப்பைச் சேர்க்கும் வழி. வாரம் ஒரு முறை, 15 லிட்டர் வாளிக்கு 4, 5 லிட்டர் நல்ல நீரை மெதுவாக ஊற்றி, வடியவிட்டுக் கழுவுவது அவசியம்.

அரிசி, காய்கறி கழுவிய நீரைச் செடிக்கு விடலாம். மீன் கழுவிய உப்பு நீரும் சோப்பு நீரும் ஆகா.

கிணற்று நீரைப் பற்றி ஐயம் இருந்தால் எளிய சோதனை ஒன்று செய்யலாம். இரண்டு டப்பாக்களில் ஒரே மண்ணை நிரப்பி, பத்துப் பத்துப் பாசிப்பயறு விதைத்து, ஒன்றுக்கு மழை நீரும் மற்றதற்குக் கிணற்று நீரும் ஊற்றவும். இரண்டு வாரத்தில் முளைப்பையும் வளர்ச்சியையும் ஒப்பிட்டால் நீரின் தரம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

எதைப் பயிரிடலாம்?

காராமணி, பருப்புக் கீரை, பீட்ரூட் ஆகியவை உப்பை ஓரளவு நன்றாகவே தாங்கும். தக்காளியும் பாலக் கீரையும் நடுத்தரம். மிளகாய், கத்தரி, வெங்காயம், முள்ளங்கி, பீன்ஸ் ஆகியவை விரைவில் பாதிக்கப்படும். மழைக் காலம் கழிந்து கிணற்று நீர் நன்றாக இருக்கும் தை, மாசி மாதங்களில் மிளகாய், கத்தரி, வெங்காயம் வைக்கலாம். சித்திரை முதல் காராமணியோடும் பருப்புக் கீரையோடும் நின்றுகொள்வது நல்லது.

தண்டுக்கீரையைச் சிறு கீரையாகவே 25, 30 நாளில் பிடுங்கிவிடலாம். நான்கு பெட்டிகளில் வாரத்துக்கு ஒரு பெட்டியாக விதைத்து வந்தால், ஒரு மாதம் கழித்து வாரந்தோறும் ஒரு பெட்டிக் கீரை வீட்டுக்குக் கிடைக்கும். பிடுங்கிய பெட்டியை நீர் விட்டுக் கழுவி, ஒரு பிடி தொழு உரம் கலந்து மறுபடியும் விதைக்கலாம்.

மீன் கழிவு நல்ல உரம்

இக்கிராமங்களில் செலவில்லாமல் கிடைப்பது மீன் கழிவு. பச்சை மீனின் தலை, குடல் ஆகியவற்றை நல்ல நீரில் அலசி, 1 கிலோவுக்கு 1 கிலோ வெல்லம் பொடித்துக் கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நிழலில் வைக்கவும். 30 முதல் 40 நாளில் தேன் போன்ற கரைசல் கிடைக்கும். வடிகட்டி, 1 லிட்டர் நீருக்கு 5 மில்லி வீதம் கலந்து, 15 நாளுக்கு ஒரு முறை மாலையில் தெளிக்கலாம். கருவாட்டுக் கழிவை எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. அது உப்பையே உரமாக இடுவது போலாகும்.

அசுவினி போன்ற பூச்சிகள் தென்பட்டால், வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து 1 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம்.

காற்றுக்குத் தடுப்பும் கண்ணுக்கு அழகும்

ஏரிக் காற்று இலையில் உப்பைப் படியவைக்கும். காற்று வரும் பக்கத்தில் இரண்டு மூங்கில் நட்டு, கிழிந்த வலையை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டினால் காற்றின் வேகம் தணியும். அதிலேயே காராமணிக் கொடியை ஏற்றிவிடலாம். ஆடு, கோழி நுழையாமலும் தடுக்கும். காற்று பலமாக வீசிய நாளின் மாலையில் இலைகளை நல்ல நீரால் அலசிவிடவேண்டும்.

வாளிகளுக்கு வெளியே சுண்ணாம்பு அடித்தால் வெயில் சூடு குறைந்து வேர் பிழைக்கும். வரிசையாக வைத்தால் வாசலும் வெளிச்சமாகத் தோன்றும். காகிதப்பூவும் பத்துமணிப் பூவும் உப்புக் காற்றைத் தாங்கிப் பூக்கும். கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்ட தேங்காய் மூடியில்கூடப் பத்துமணிப் பூ வளரும். அரளியும் தாங்கும், ஆனால் அது நஞ்சு. குழந்தைகளும் ஆடுகளும் உள்ள வீட்டில் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் மாடியில் உள்ள தொட்டிகளைக் கீழே இறக்கிவிடவேண்டும். மற்ற மழை நாட்களில் அவற்றைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்தாமல் வெட்டவெளியிலேயே விடலாம். கோடை முழுதும் சேர்ந்த உப்பை அந்த மழையே கழுவிவிடும்.

முதல் ஆண்டில் நான்கு கீரைப் பெட்டிகளும் இரண்டு தக்காளி வாளிகளும் போதும். அவற்றைக் கழுவி வளர்க்கப் பழகிய பின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். மேலும் விவரம் வேண்டுவோர் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ, திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயன் பெறலாம்.