உறவின் நான்கு சாயல்கள்

நம் திருப்பணியில் அடிக்கடி காணும் முரண் ஒன்று உண்டு. ஒரு வாரம் வீடு சந்திக்கத் தவறினால், "ஐயா எங்களை மறந்துவிட்டீர்கள்" என்று கலங்குகிறார் ஒருவர். அறுவை மருத்துவம் முடிந்து வீடு திரும்பிய பின்னரும் நமக்குச் செய்தி அனுப்பாதிருக்கிறார் மற்றொருவர். முன்னவரைக் குறைகூறுபவர் என்றும் பின்னவரைச் செருக்குடையவர் என்றும் தீர்ப்பிட்டுவிடுகிறோம். இத்தீர்ப்பு நேரியதா?

ஆங்கிலேய உளமருத்துவர் ஜான் பௌல்பி, 1951இல் உலக சுகாதார நிறுவனத்திற்கு அளித்த அறிக்கையில், தாயுடனோ தாய்க்கு நிகரானவருடனோ கொள்ளும் நிலையான அன்புறவு குழந்தையின் உளநலத்திற்கு இன்றியமையாதது என வலியுறுத்தினார். மேரி எயின்ஸ்வர்த் உகாண்டாவிலும் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்-சேய் உறவைக் கூர்ந்து ஆராய்ந்தார். அழுகைக்கு மறுமொழி கிடைக்கும் என அறிந்த குழந்தை, தாயை நம்பித் துணிவுடன் விளையாடச் செல்கிறது. சிலவேளை கிடைத்தும் சிலவேளை கிடையாமலும் போனால் தாயை விடாது பற்றிக்கொள்கிறது. மீண்டும் மீண்டும் புறக்கணிக்கப்பட்டாலோ, நாடுவதையே குறைத்துக்கொள்கிறது. இம்மூன்று சாயல்களும் வயதுவந்தோரின் அன்புறவுகளிலும் காணப்படுவதை சிண்டி ஹசான், பிலிப் ஷேவர் இருவரும் 1987இல் எடுத்துக்காட்டினர்.

1991இல் கிம் பார்த்தலோமியூவும் லெனார்டு ஹோரோவிட்சும் இவற்றை நான்காக வகுத்தனர். 'நான் அன்புக்குரியவனா? பிறர் நம்பத்தக்கவரா?' என்னும் இரு வினாக்களே இவ்வகுப்பின் அடிப்படை.

1. இரண்டிற்கும் 'ஆம்' என்போர் பாதுகாப்புணர்வு உடையோர். இவர்கள் நெருங்கவும் தனித்திருக்கவும் வல்லவர்.

2. தம்மை ஐயுற்றுப் பிறரை உயர்த்துவோர் பதற்றத்தோடு பற்றிக்கொள்வோர்.

3. தம்மை நம்பிப் பிறரை நம்பாதோர் விலகி நிற்போர். உதவி கேட்பது இவர்களுக்கு இழுக்கு.

4. இரண்டையும் ஐயுறுவோர் அஞ்சுவோர். உறவை விரும்பியும் காயத்திற்கு அஞ்சிப் பின்வாங்குவர்.

இச்சாயல்கள் மாறாத விதியல்ல. இயல்பான மனப்பாங்கும் பிற்கால அனுபவங்களும் இவற்றை உருவாக்குவதால், பெற்றோரை மட்டும் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. நம்பத்தக்க திருமணமோ நட்போ இவற்றை மாற்றக்கூடும். ஆயரின் உறவும் அத்தகையதாகலாம்.

இதனை நாம் ஒரு தவற்றின் வழியாகவே கற்றோம். தம் நோயை மறைத்திருந்த சபையார் ஒருவரின் பெயரை, அன்பு மிகுதியால், ஞாயிறு ஆராதனையில் மன்றாட்டிற்காக அறிவித்தோம். அவர் பல மாதங்கள் ஆலயத்திற்கு வரவில்லை. நமக்கு அன்பாகத் தோன்றியது அவருக்கு அத்துமீறலாயிற்று.

ஆகவே, பற்றிக்கொள்வோருக்கு ஓடோடிச் செல்வதைவிட, சொன்ன நாளில் சொன்ன வேளையில் தவறாது செல்வதே நலம். விலகி நிற்போரிடம் வினாக்களைக் குறைத்து, கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்போம். அஞ்சுவோரிடம் சிறு வாக்குறுதிகளைக்கூடக் காத்துக்கொள்வோம்.

இறுதியாக, நம்மையும் ஆராய்வோமாக. எவருக்கும் 'இயலாது' எனச் சொல்லத் துணியாத ஆயரும், எவரிடமும் தம் துயரைப் பகிராத ஆயரும் இப்பட்டியலுக்குப் புறம்பானவரல்லர். ஆடுகளைப் பெயர்சொல்லி அழைக்கக் கற்பவர், தம் சாயலையும் அறிந்திருத்தல் வேண்டும்.