புக்கிக் கடைப் பலகையும் கைபேசி விலையும்

பதுளையில் ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கூடிக் களித்த ரேஸ்கோர்ஸ் ஒன்று இந்த ஊரில் இருந்தது. இன்று பஸ் ஸ்டாண்டில் இறங்கும் பிள்ளைகளுக்கு அந்தச் செய்தியே புதிது. 1924இல் ரயில் பதுளைக்கு வந்தது. அதற்கு முந்திய நாட்களில், பசறைப் பக்கமும் நமுனுகுலைப் பக்கமும் துரைமார் மலையேற நம்பியிருந்தது குதிரையைத்தான். அவற்றுக்குப் புல் போட்டு, லாயம் கழுவி, உடம்பு தேய்த்துவிட்டவர்கள் நம் தோட்டத்து ஆட்கள். குதிரைக்காரன் என்பதே அவர்களின் பெயராகிப் போனது. பந்தயம் கட்டியவர் துரை. எந்தக் குதிரை முன்னங்காலைப் பார்த்து வைக்கிறது, எது நேற்றிரவு தீனியைத் தொடவில்லை என்பதெல்லாம் குதிரைக்காரருக்கே வெளிச்சம். அந்த அறிவுக்கு அன்று யாரும் சம்பளம் தரவில்லை.

1956இல் கொழும்பு ரேஸ்கோர்ஸில் பந்தயம் நின்றது. நுவரெலியாவில் மட்டும் சித்திரை வசந்தகாலத்தில் கவர்னர் கிண்ணம் இன்றும் ஓடுகிறது. ஓட்டம் குறைந்தாலும் பந்தயம் கட்டுவது குறையவில்லை. டவுன்களில் புக்கிக் கடைகள் இருந்தன. அவற்றிடமிருந்து வரி வாங்க 1988இல் தனிச் சட்டமே வந்தது. ஓடியது இங்கிலாந்துக் குதிரை, காசு நம்முடையது. அங்கே பிற்பகல் இரண்டு மணி என்றால் இங்கே கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. கொழுந்து நிறுத்து, லயத்துக்குப் போய்க் குளித்து, டவுனுக்கு வந்து சேர அந்த நேரம் கச்சிதமாகப் பொருந்தியது. பல வீடுகளின் சம்பளக் காசு அந்தப் பொருத்தத்தில்தான் கரைந்தது.

எங்கள் லயத்தில் மாமா முறையான பெரியவர் ஒருவர் இருந்தார். கடைக்குள் நுழையுமுன் வெளிப் படிக்கட்டில் உட்கார்ந்து ரேஸ் தாளை விரிப்பார். போன தடவை எந்தக் குதிரை எத்தனையாவதாக வந்தது, எவ்வளவு பாரம் சுமந்தது, தரை ஈரமா காய்ந்ததா, ஜொக்கி யார் என்று பார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் தன் விலையை எழுதுவார். பிறகுதான் உள்ளே போய்க் கடையின் விலைப் பலகையைப் பார்ப்பார். பலர் பணம் கட்டி ஒரு குதிரையின் விலை இறங்குகிறது என்று கூட்டம் கவுண்டருக்கு ஓடும்போது அவர் அசையமாட்டார். “வெல எறங்குனா குதிரைக்கு அஞ்சாவது காலு மொளைக்குமாடா தம்பி?” என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பல நாட்கள் ஒரு சீட்டும் போடாமல் வீட்டுக்கு நடந்தார்.

அவர் செய்தது வெறும் பிடிவாதமில்லை; அதில் கணக்கு உண்டு. நான்கு தடவை ஓடினால் ஒரு தடவை வெல்லும் என்று நீங்கள் நினைக்கும் குதிரைக்குச் சரியான விலை மூன்றுக்கு ஒன்று, அதாவது ஒரு ரூபாய் கட்டினால் மூன்று ரூபாய் லாபம். கடைக்காரர் ஐந்துக்கு ஒன்று தந்தால் அது உங்களுக்கு ஆதாயம். அதே குதிரை இரண்டுக்கு ஒன்றாக இறங்கினால் அது நட்டம். கூட்டமோ இரண்டுக்கு ஒன்றாக இறங்கிய பிறகுதான் ஓடி வருகிறது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஐந்து குதிரை ஓடும் பந்தயத்தில் ஐந்துக்கும் மூன்றுக்கு ஒன்று என்று எழுதியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் 25 வீத வாய்ப்பு, கூட்டினால் 125. நூறுக்கு மேலே நிற்கும் அந்த 25இல் கடைக்காரரின் அடுப்பு எரிகிறது.

விலை அசைவது எப்போதும் உண்மையைச் சொல்வதில்லை. 1975 ஜூனில் அயர்லாந்தின் பெல்லூஸ்டவுனில் யெலோ சாம் என்ற குதிரையின் மேல் பார்னி கேர்லி என்பவர் நாடெங்கும் கடைகளில் ஆள் வைத்துப் பணம் கட்டினார். அந்தச் செய்தி மைதானத்துக்கு எட்டாதபடி, அங்கிருந்த ஒரே தொலைபேசிப் பெட்டியை அவருடைய ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டு விடவில்லை. மலைபோலப் பணம் விழுந்தும் விலை இருபதுக்கு ஒன்றிலேயே நின்றது, குதிரை வென்றது. விலையை அசையாமல் நிறுத்த முடியுமென்றால், வேண்டுமென்றே அசைக்கவும் முடியும்.

அதற்காகச் சந்தை முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. ஹொங்கொங்கில் கணினிக் கணக்கால் பெரும் பணம் சேர்த்த பில் பென்டர், பொதுமக்கள் கட்டிய பணம் காட்டும் விலையையும் தன் கணிப்போடு சேர்த்தபோதே கணிப்புக் கூர்மையானது என்று 1994இல் வெளியான கட்டுரையில் எழுதினார். ஆனால் சேர்ப்பதற்கு அவர் கையில் முதலில் ஒரு கணிப்பு இருந்தது. நம் பையன்களின் கையில் அது இல்லை.

இன்று பலகைக்குப் பதில் கைபேசி. விலை நொடிக்கு நொடி மாறுகிறது, இறங்குவதற்கு ஒரு நிறம், ஏறுவதற்கு ஒரு நிறம். குதிரையின் பெயரை ஒருதரம் வாய்விட்டு வாசிக்காதவனும் நிறத்தைப் பார்த்துக் காசு கட்டுகிறான். இவர்களின் தாய்மார், கொழும்பு ஏலத்தில் தேயிலை என்ன விலை போனாலும், கச்சான் காற்றடிக்கும் மாதத்தில் கொழுந்தை விரலால் தொட்டே தரம் சொல்லும் பெண்கள். அந்த விரலின் பிள்ளைகள் அடுத்தவன் பணம் போகும் திசையைப் பார்த்து நிற்பது எனக்குத் தாங்கவில்லை.

தோட்டத்து நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாயானது. ஒரு விலை அசைவைத் துரத்தினால் ஒரு நாள் சம்பளம் ஒரே மாலையில் போய்விடும். தம்பிமாரே, கைபேசியைத் திறக்குமுன் ஒரு தாளில் உங்கள் விலையை எழுதுங்கள். எழுதத் தெரியவில்லையென்றால் அன்றைய காசை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.