முடிவுக்கு முன்னே ஒரு கேள்வி

பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் 1965-இல் வந்தது. நிறத்தைக் காட்டி ஓட்டலிலும் மதுக்கடையிலும் ஆளைத் திருப்பி அனுப்புவதை அது தடுத்தது. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு 1968-இல்தான் கிடைத்தது. 1976 சட்டம் இன்னும் விரிந்தது. ஆனாலும் அன்றைய வழக்கம் பெரும்பாலும் இதுதான்: பாதிக்கப்பட்டவர் புகாரோடு வர வேண்டும், அதன்பிறகே விசாரணை. காவல்துறையின் அன்றாட நடவடிக்கைகளில் பெரும்பகுதி அச்சட்டத்துக்கு எட்டவே இல்லை.

1993 ஏப்ரல் 22 அன்று, தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில் பேருந்துக்குக் காத்திருந்த 18 வயது ஸ்டீபன் லாரன்ஸை வெள்ளை இளைஞர்கள் இனவெறியால் குத்திக் கொன்றனர். புலனாய்வு சொதப்பியது. பெற்றோரின் விடாத போராட்டத்தால் அமைந்த மெக்ஃபர்சன் விசாரணை, 1999-இல் காவல்துறையில் நிறுவனமயமான இனவெறி இருப்பதாகச் சொன்னது. தீய எண்ணம் கொண்ட சிலரை நீக்கினால் தீராத கோளாறு அது. அலுவலகத்தின் நடைமுறையிலேயே, யாரும் அறியாமலேகூட, ஊறிக்கிடப்பது.

2000-இல் சட்டம் திருத்தப்பட்டு, இந்தக் கோளாறை முன்கூட்டியே தடுக்கும் கடமை பொது அமைப்புகள்மேல் விழுந்தது. இன்று 2010 சமத்துவச் சட்டத்தின் 149-ஆம் பிரிவுப்படி, அமைச்சகம் முதல் நகராட்சி வரை, ஒரு திட்டத்தை முடிவு செய்யும் முன்பே அது எந்த இனத்தாரை எப்படிப் பாதிக்கும் என்று பார்த்தாக வேண்டும். சவுத் வேல்ஸ் காவல்துறை முகமறியும் கேமராக்களைப் பயன்படுத்தியபோது, மென்பொருளில் இனச் சார்போ பால் சார்போ உண்டா என்று உறுதிசெய்யவில்லை. அது கடமை தவறியது என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர் விவரம் தர மறுத்ததும் சாக்காகவில்லை.

அதே ஆண்டு இன்னொரு கடமைத் தவறும் உறுதியானது. சட்டவிரோதக் குடியேறிகளை நெருக்கும் கொள்கையால், கரீபியன் தீவுகளிலிருந்து 1973-க்கு முன் முறைப்படி வந்து குடியேறியவர்களில் பலர் ஆவணமின்றி வேலையும் வீடும் சிகிச்சையும் இழந்தனர். சிலர் நாடு கடத்தவும் பட்டனர். இந்தப் பாதிப்பை உள்துறை அமைச்சகம் திரும்பத் திரும்பப் புறக்கணித்ததாகச் சமத்துவ, மனித உரிமை ஆணையம் கண்டது. கடமை சட்டத்தில் இருந்தது. கேட்கும் மனம் அலுவலகத்தில் இல்லை.

இச்சட்டம் இன்ன முடிவைத்தான் எடு என்று கட்டளையிடுவதில்லை. பாதிப்பைத் தெரிந்துகொண்டு முடிவெடு என்கிறது. தெரிந்தும் தீங்கு செய்பவரை அது முற்றிலும் தடுத்துவிடாது. தெரியாமல் நடந்துவிட்டது என்று அரசு கைவிரிக்க மட்டும் இனி வழியில்லை.